சியாட்டில் சானிக்ஸ் ஊரை விட்டுப் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் நம் ஆட்கள் கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள். பச்சையும் மஞ்சளுமாக ‘சானிக்ஸ்’ என்று போட்ட சட்டையும் தொப்பியும் ஊரெங்கும் தெரியும், ஆனால் அந்த அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் தேடினால் எதுவும் வராது. உடனே கேள்விகள் ஆரம்பிக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சானிக்ஸ்னா என்ன? சியாட்டில்ல பாஸ்கெட்பால் டீமே இல்லையே?

இப்போது ஆண்கள் அணி இல்லை, 2008 வரை இருந்தது. முழுப் பெயர் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். 1967ல் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் சேர்ந்து 41 சீசன் இங்கேயே ஆடியது. 1979ல் கோப்பை வென்றது, 1996ல் கேரி பேட்டனும் ஷான் கெம்ப்பும் ஆடிய அணி இறுதிப் போட்டி வரை போய் சிகாகோ புல்ஸிடம் தோற்றது. கெவின் டுரண்ட் தன் முதல் சீசனை இந்த அணியில்தான் ஆடினார். 2008 கோடையில் உரிமையாளர்கள் அணியை ஒக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று அது ஒக்லஹோமா சிட்டி தண்டர்.

டீம்னா ஊருக்குச் சொந்தம்தானே? ஒருத்தர் எப்படித் தூக்கிட்டுப் போக முடியும்?

மனசளவில் ஊருக்குச் சொந்தம், சட்டப்படி உரிமையாளருக்குச் சொந்தம். இந்தக் கதையின் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் பெரிய லீக் அணிகள் தனியார் நிறுவனங்கள். அரங்கமோ பெரும்பாலும் நகரத்துடையது அல்லது நகரத்தின் பணத்தில் கட்டியது. இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போடுவது ஒரு குத்தகைப் பத்திரம் மட்டும்தான். ‘இத்தனை வருஷம் வரை உள்ளூர் ஆட்டங்களை எல்லாம் இந்த அரங்கத்திலேயே ஆடுவோம்’ என்று அணி அதில் கையெழுத்துப் போட்டிருக்கும். சானிக்ஸ் போட்ட குத்தகை 2010 செப்டம்பர் 30 வரை ஓடவேண்டியது. அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

அரங்கத்துல அப்படி என்னதான் பிரச்சினை? இடிஞ்சா விழுந்துச்சு?

இல்லை, நன்றாகத்தான் இருந்தது. 1962ல் இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடம் அது, ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1994, 95ல் கூரையை வைத்துக்கொண்டு உள்ளே முழுக்க மாற்றிக் கட்டினார்கள், நகரத்துக்கு ஏழு கோடி டாலருக்கு மேல் செலவு. அப்போதுதான் கீ அரினா என்று பெயர் வந்தது. கடன் வாங்கிக் கட்டிய அந்தச் செலவை சொகுசு அறைகள், உயர்விலை இருக்கைகள் இவற்றின் வருமானத்தில் ஒரு பங்கை நகரம் எடுத்துக்கொண்டு அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வரி செலுத்துபவர் தலையில் விழாமல் கட்டடமே தன் கடனை அடைக்கும் என்பதால் அன்று எல்லோரும் அதை நல்ல ஒப்பந்தம் என்றே நினைத்தார்கள்.

பிரச்சினை வெளியே இருந்து வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் மற்ற ஊர்களில் கட்டிய அரங்கங்கள் எல்லாம் மிகப் பெரியவை. உள்ளேயே உணவகங்கள், கடைகள், வரிசை வரிசையாக சொகுசு அறைகள், அந்த வருமானம் முழுக்க அணிக்கே. கீ அரினாவில் சுமார் 17,000 பேர்தான் உட்காரலாம், லீக்கிலேயே சிறியது, அதிலும் வருமானத்தில் நகரத்துக்குப் பங்கு. ‘மற்ற உரிமையாளர்கள் சம்பாதிப்பதுபோல் எங்களால் சம்பாதிக்க முடியவில்லை’ என்பதுதான் புகார். ஆட்டம் பார்க்கப் போனவனுக்கு அந்த அரங்கம் அருமையானது. எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ஆட்டம் பக்கத்தில் தெரியும், கூரை சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும். உரிமையாளர் வேறு அளவுகோலில் அளந்தார், அவ்வளவுதான்.

ஸ்டார்பக்ஸ் ஓனர்தானே வச்சிருந்தார்? அவர் ஏன் வித்தார், அதுவும் வெளியூர்க்காரங்களுக்கு?

ஆமாம், ஸ்டார்பக்ஸின் ஹோவர்ட் ஷூல்ட்ஸ் தலைமையிலான குழு 2001ல் 20 கோடி டாலருக்கு வாங்கியது. நஷ்டம் என்று சொல்லி, அரங்கத்தைப் பெரிதாக்கப் பொதுப்பணம் வேண்டும் என்று மாநில சட்டமன்றத்திடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2006 ஜூலையில் ஒக்லஹோமா சிட்டி தொழிலதிபர் கிளே பென்னட்டின் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள்.

விற்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். பென்னட் குழு 12 மாதம் நல்லெண்ணத்தோடு சியாட்டில் பகுதியிலேயே புதிய அரங்கத்துக்கு முயற்சி செய்ய வேண்டும், அது நடக்காவிட்டால்தான் வேறு யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்கியவர்களின் ஊரில் ஏற்கெனவே ஒரு புது அரங்கம் தயாராக இருந்தது. கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் அணி இரண்டு சீசன் அங்கே போய் ஆடியபோது மக்கள் திரண்டு வந்து, இந்த ஊர் ஒரு அணியைத் தாங்கும் என்று காட்டியும் விட்டார்கள். இது தெரிந்தும் ‘முயற்சி செய்வேன்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி விற்றது பெரிய பொறுப்பின்மை என்பது என் கருத்து. இந்த ஊரில் பலர் ஷூல்ட்ஸை இன்னும் மன்னிக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் இருக்கிற ஊர். ஒரு ஸ்டேடியம் கட்டிக் கொடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இதற்குப் பதில் சொல்ல, அதற்கு முந்தைய பத்து வருஷத்தைப் பார்க்க வேண்டும். கிங்டோம் என்று ஒரு பெரிய மூடிய அரங்கம் இருந்தது, 1976ல் திறந்தது, பேஸ்பால் அணியும் அமெரிக்கக் கால்பந்து அணியும் அங்கேதான் ஆடின. இரண்டு அணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ‘புது அரங்கம் கொடு, இல்லையென்றால் போகிறோம்’ என்றன. 1995ல் பேஸ்பால் அரங்கத்துக்கான விற்பனை வரியை கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள், அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி வேறு வரிகளைப் போட்டு அரங்கத்தைக் கொடுத்துவிட்டது. 1996ல் கால்பந்து அணியின் உரிமையாளர் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பப் பார்த்தார். மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான பால் ஆலன் அந்த அணியை வாங்க முன்வந்தார், அதற்கும் புது அரங்கம் நிபந்தனை, 1997ல் மாநில அளவில் வாக்கெடுப்பு, சுமார் 51 சதவீதத்தில் தப்பித் தேறியது. கிங்டோமை 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தகர்த்த கட்டடத்தின் கடனை மக்கள் 2015 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதுவும் கீ அரினாவைப் புதுப்பித்துப் பத்து வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. 2006 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் 91ஆம் எண் முன்முயற்சி என்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள். விளையாட்டு அணிகளுக்கு நகரம் பணம் போட்டால், அமெரிக்க அரசுக் கடன் பத்திரம் தரும் வட்டி அளவுக்காவது வருமானம் திரும்ப வர வேண்டும் என்பது அதன் சாரம். நான்கில் மூன்று பேர் ஆதரித்தார்கள். அவர்கள் கூடைப்பந்தை வெறுத்ததாக நினைக்காதீர்கள். அப்படி வாக்களித்த பலர் வருஷக்கணக்கில் ஆட்டம் பார்த்தவர்கள். பேருந்துக்கும் பள்ளிக்கும் இல்லாத பணம் கோடீஸ்வரர்களின் அரங்கத்துக்கு மட்டும் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள், அந்தக் கேள்வி சரியானது.

பென்னட் நிஜமாவே இங்க இருக்க முயற்சி பண்ணாரா, சும்மா நாடகமா?

அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார் என்பது உண்மை. சியாட்டிலுக்குத் தெற்கே ரென்டன் என்ற ஊரில் சுமார் 50 கோடி டாலரில் அரங்கம், அதில் பெரும்பகுதி வரிப்பணம். சட்டமன்றம் 2007ல் அதை வாக்கெடுப்புக்குக்கூட எடுக்கவில்லை. முந்தைய பதிலைப் படித்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதே 2007 ஆகஸ்டில் உரிமையாளர் குழுவில் ஒருவரான ஆப்ரி மெக்லெண்டன், அணியை சியாட்டிலில் வைத்திருக்க வாங்கவில்லை, ஒக்லஹோமாவுக்குக் கொண்டுவரும் நம்பிக்கையில்தான் வாங்கினோம் என்று ஒக்லஹோமா பத்திரிகை ஒன்றிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். லீக் அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. பிறகு வழக்கில் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 2007 ஏப்ரலில், அதாவது அந்த 12 மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கூட்டாளி டாம் வார்ட் ‘அடுத்த சீசனுக்கே இங்கே, ஒக்லஹோமாவுக்கு, வர வழி இருக்கிறதா’ என்று கேட்கிறார், பென்னட் வெறிபிடித்தவன்போல் வேலை செய்துகொண்டிருக்கிறேன், முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று பதில் எழுதுகிறார். சியாட்டிலில் அணியை நிறுத்துவதற்கான வெறியைத்தான் சொன்னேன் என்று பின்னால் விளக்கம் கொடுத்தார். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் போனது என்று பார்த்தால் அந்த விளக்கத்தை ஏற்க முடியவில்லை. கெடு 2007 அக்டோபர் 31ல் முடிந்தது, இரண்டு நாளில் அணியை மாற்றப்போவதாக லீக்குக்குத் தெரிவித்துவிட்டார்.

நகரம் என்ன வழக்கு போட்டுச்சு? நஷ்ட ஈடா?

இல்லை, பணம் கேட்கவில்லை, இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். நம் ஊரில் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கியவர் பத்திரம் பதியாமல் இழுத்தடித்தால் ‘ஏற்றதை ஆற்றக் கோரி’ வழக்குப் போடுவார்களே, அதே வகை வழக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று எதிராளி சொன்னாலும் விடாமல், சொன்னபடி செய் என்று கேட்பது.

2007 செப்டம்பரில் பென்னட் தரப்பு, மிச்ச வாடகையைக் கட்டிவிட்டுக் கிளம்புவதை நடுவர் தீர்ப்புக்கு விட வேண்டும் என்றது. 2010 வரை இங்கேயே ஆட வேண்டும் என்று நகரம் வழக்குப் போட்டது. நடுவரெல்லாம் தேவையில்லை, நீதிமன்றமே விசாரிக்கும் என்று முடிவானது. முன்னாள் செனட்டர் ஸ்லேட் கோர்ட்டன் நகரத்தின் பக்கம் நின்றார். பேஸ்பால் அணியை இந்த ஊரில் நிறுத்த முன்பு பாடுபட்டவரும் அவர்தான்.

கோர்ட்ல என்ன நடந்துச்சு? சுருக்கமா இல்லாம கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

2008 ஜூன் 16ல் கூட்டாட்சி நீதிபதி மார்ஷா பெக்மன் முன்னால் விசாரணை தொடங்கியது. ஜூரி கிடையாது, அவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆறு நாள் நடந்தது. வெளியே ரசிகர்கள் பச்சைச் சட்டையோடு திரண்டு நின்றார்கள்.

என்னை இன்றும் வியக்க வைப்பது இரண்டு தரப்பும் எடுத்த வாதம். புது அரங்கம் கேட்கும்போது எல்லா அணிகளும் சொல்வது ஒன்றுதான்: அணி இருந்தால் ஊருக்குப் பணம் வரும், வேலை வரும், கடைகள் பிழைக்கும். இப்போது போவதற்கு அனுமதி வேண்டுமே, அதனால் சானிக்ஸ் தரப்பு நீதிமன்றத்தில் நேர்மாறாகச் சொன்னது. நாங்கள் போனால் சியாட்டில் பொருளாதாரத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மக்கள் கூடைப்பந்துக்குச் செலவு செய்த காசை சினிமாவிலோ உணவகத்திலோ செலவு செய்வார்கள் என்றது. பொருளாதார அறிஞர்கள் பல வருஷமாகச் சொல்லிவந்ததும் இதுதான், அதை ஒரு அணியே நீதிமன்ற ஆவணத்தில் எழுதிக் கொடுத்தது. அடுத்த முறை எந்த ஊரில் எந்த உரிமையாளர் அரங்கத்துக்கு வரிப்பணம் கேட்டாலும் அந்த ஊர் மக்கள் இந்த ஆவணத்தைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். நகரமோ பணத்தை விட்டுவிட்டு, பணத்தால் ஈடுசெய்ய முடியாத ஒன்று என்ற பக்கம் போனது. ஈடுசெய்ய முடியும் என்றால் வாடகையை வாங்கிக்கொண்டு விடு என்று நீதிபதி சொல்லிவிடலாம் அல்லவா? அதனால்தான் நீண்ட கால சீசன் டிக்கெட்காரரான ஒரு எழுத்தாளரைச் சாட்சியாக அழைத்து, இந்த அணி ஒரு ரசிகனின் வாழ்க்கையில் என்னவாக இருக்கிறது என்று பேச வைத்தார்கள்.

நகரத்துக்கு அடி விழுந்த இடமும் உண்டு. விஷம் கலந்த கிணறு என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு விளக்கக் கோப்பு வெளியே வந்தது. உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்து தயாரித்தது, கோர்ட்டனும் அந்த வட்டத்தில் இருந்தார். பென்னட் குழுவை 2010 வரை நஷ்டத்திலேயே வைத்திருந்தால் சோர்ந்துபோய் உள்ளூர்க்காரர்களுக்கு விற்றுவிடுவார்கள் என்பது அதன் யோசனை. நகரத்துக்குக் குத்தகை முக்கியமில்லை, எங்களை நெருக்கி விற்க வைப்பதுதான் நோக்கம், கைகளில் கறையோடு வந்திருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பலமான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் குத்தகையில் இருந்த வார்த்தைகள் அதனால் மாறிவிடவில்லை.

ஜெயிக்கிற கேஸ் மாதிரி இருக்கே, அப்புறம் ஏன் செட்டில் பண்ணாங்க?

ஜூலை 2 அன்று தீர்ப்பு என்று நீதிபதி சொல்லியிருந்தார். தீர்ப்புக்குச் சில மணி நேரம் முன்னால் மேயர் கிரெக் நிக்கல்ஸும் பென்னட்டும் சமரசம் அறிவித்தார்கள். அணி உடனே 4.5 கோடி டாலர் கொடுத்துவிட்டு அதே கோடையில் கிளம்பலாம். சானிக்ஸ் என்ற பெயர், நிறம், சின்னம் எல்லாம் சியாட்டிலுக்கு எதிர்காலத்தில் வரும் அணிக்காக இங்கேயே இருக்கும். மேயர் பக்கத்து நியாயம் இது: ஜெயித்தாலும் இரண்டு சீசன்தான் கிடைக்கும், மனமில்லாத அணி, காலி இருக்கைகள், 2010ல் கையில் ஒன்றும் மிஞ்சாது. இப்போது பணம் வருகிறது, அரங்கத்தின் மிச்சக் கடன் அடையும், லீக்கோடு உறவும் கெடாது.

நான் இதை ஏற்கவில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்னேனே, ஊருக்கும் அணிக்கும் நடுவே இருந்த ஒரே பிடி அந்தக் குத்தகை. அதை ஜெயிக்கும் வாய்ப்பு கையில் இருக்கும்போதே விற்றுவிட்டார்கள். அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். மூன்றே மாதத்தில் நிதி நெருக்கடி வெடித்தது, 2008 அக்டோபரில் மெக்லெண்டன் தன் எரிவாயு நிறுவனத்தில் வைத்திருந்த பங்குகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடனுக்காக விற்க வேண்டிய நிலைக்கு வந்தார். அந்த நேரத்தில் நஷ்டத்தில் ஓடும் ஒரு அணியும் தோளில் இருந்திருந்தால் பேச்சுவார்த்தை மேசை வேறு மாதிரி இருந்திருக்கலாம். உள்ளூரில் வாங்க இருந்தவர்களுக்கும் அதே நெருக்கடிதான், அதனால் நிச்சயம் அணி தங்கியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தீர்ப்பையாவது வாங்கியிருக்க வேண்டும். தீர்ப்பு வெளிவரவே இல்லை.

இன்னும் 3 கோடி தரணும்னு இருந்துச்சாமே, அது வந்துச்சா?

வரவில்லை. ஐந்து வருஷத்துக்குள், அதாவது 2013க்குள் சியாட்டிலுக்கு வேறு அணி கிடைக்காவிட்டால் மேலும் 3 கோடி டாலர் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கொக்கி: 2009 முடிவதற்குள் மாநில சட்டமன்றம் கீ அரினா புதுப்பிப்புக்குக் குறைந்தது 7.5 கோடி டாலர் ஒதுக்க அனுமதிக்க வேண்டும். அதே 2008 மார்ச்சில்தான் அப்போது மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மரின் குழு 15 கோடி டாலர் தாங்கள் போடுகிறோம், நகரமும் மாநிலமும் மீதி 15 கோடியைப் போடட்டும், அரங்கத்தைப் பெரிதாக்கலாம் என்று வந்து, சட்டமன்றத்திடம் நடக்காமல் போயிருந்தது. அணி இருக்கும்போது கொடுக்காதவர்கள் அணி போனபின், அதுவும் நிதி நெருக்கடியில், கொடுப்பார்களா? கொடுக்கவில்லை. எனவே அந்த 3 கோடியும் போனது.

ஷூல்ட்ஸும் ஒரு கேஸ் போட்டாராமே?

போட்டார். பென்னட் ஏமாற்றி வாங்கினார், விற்பனையையே ரத்து செய்ய வேண்டும் என்று 2008 ஏப்ரலில் வழக்கு. லீக் குறுக்கே வந்தது, ஆகஸ்டில் வாபஸ் வாங்கிவிட்டார். அவ்வளவுதான்.

லீக் ஏன் தடுக்கலை? அவங்களுக்கு சியாட்டில் பெரிய மார்க்கெட்தானே?

2008 ஏப்ரல் 18ல் உரிமையாளர்கள் வாக்களித்தார்கள், 28க்கு 2 என்று இடமாற்றம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் டாலஸ் அணியின் மார்க் கியூபனும் போர்ட்லாந்து அணியின் பால் ஆலனும் மட்டும். வாக்களிப்பவர்கள் யார் என்று பாருங்கள், எல்லோரும் அரங்கம் வேண்டும் என்று தங்கள் ஊரிடம் என்றாவது கேட்கப்போகிறவர்கள். சியாட்டில் மாதிரி பெரிய, பணக்கார ஊரே முடியாது என்று சொன்னதால் அணியை இழந்தது என்று ஆகிவிட்டால், மற்ற ஊர்கள் அடுத்த முறை யோசிக்கும். லீக்கில் 30 அணிகள்தான், அணி வேண்டும் என்று நிற்கும் ஊர்கள் அதைவிட அதிகம். இந்தப் பற்றாக்குறைதான் உரிமையாளர்களின் பலம். அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்னும் அரங்கம் காலாவதியாகிவிட்டது என்ற பக்கமே நின்றார்.

அப்போ ஒக்லஹோமா சிட்டி மக்கள்தான் டீமைத் திருடினாங்கன்னு சொல்லலாமா?

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த ஊர் மக்கள் அணிக்காகத் தங்கள் கையிலிருந்து காசு கொடுத்தவர்கள். 2008 மார்ச்சில் அரங்கத்தைப் புதுப்பிக்கவும் பயிற்சி மையம் கட்டவும் 12.16 கோடி டாலருக்கு விற்பனை வரியை நீட்டிக்க வாக்களித்தார்கள். அதோடு முடிந்ததா? 2023 டிசம்பரில் மறுபடியும் வாக்கெடுப்பு, குறைந்தது 90 கோடி டாலர் செலவில் இன்னொரு புது அரங்கம். உரிமையாளர்கள் பங்கு 5 கோடி மட்டும், மீதி ஒரு சதவீத விற்பனை வரியிலிருந்தும் பழைய நகரத் திட்டப் பணத்திலிருந்தும். பத்தில் ஏழு பேர் சரி என்றார்கள், பதிலுக்கு அணி 2050 வரை அங்கேயே இருக்கும் என்று உறுதி. அந்த 2002ல் திறந்த அரங்கம் இருபது வருஷத்தில் பழையதாகிவிட்டது. சியாட்டிலில் கேட்டதையேதான் அங்கேயும் கேட்டார்கள், அந்த மக்கள் கொடுத்தார்கள். அது அவர்கள் முடிவு.

நம்ம ஐபிஎல்ல இப்படி நடக்குமா? சிஎஸ்கே சென்னையை விட்டுப் போக முடியுமா?

ஐபிஎல்லில் ஏற்பாடே வேறு. அரங்கங்கள் பெரும்பாலும் மாநில கிரிக்கெட் சங்கங்களின் கையில் இருக்கின்றன, அணி வருஷத்துக்கு ஏழெட்டு ஆட்டம்தான் அங்கே ஆடுகிறது, என்பிஏவில் உள்ளூரில் மட்டும் 41 ஆட்டம். வருமானத்திலும் பெரும்பகுதி ஒளிபரப்பு உரிமையில் வருகிறது. அதனால் அரங்கம் கட்டிக் கொடு என்று ஊரை மிரட்டும் தேவை பெரிதாக இல்லை. 2018ல் காவிரிப் போராட்டத்தின்போது சிஎஸ்கே உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போனதை நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால், அது பாதுகாப்புக்காக ஒரு சீசனுக்கு நடந்த மாற்றம், அடுத்த வருஷமே திரும்பிவிட்டார்கள்.

பெண்கள் டீம் மட்டும் எப்படி இங்கேயே இருக்கு?

சியாட்டில் ஸ்டார்மும் அதே விற்பனையில் பென்னட் கைக்குப் போனதுதான். 2008 தொடக்கத்தில் உள்ளூர்ப் பெண்கள் நால்வர் சேர்ந்து 1 கோடி டாலருக்கு வாங்கி இங்கேயே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 2010, 2018, 2020 என்று மூன்று கோப்பை. சானிக்ஸ் இல்லை என்று வருத்தப்படும் புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஒரு ஸ்டார்ம் ஆட்டம் போய்ப் பாருங்கள் என்பதுதான்.

இப்ப அதே இடத்துல சூப்பரா அரங்கம் இருக்கே. அப்பவே கட்டியிருந்தா டீம் போயிருக்காதே?

கிளைமேட் பிளெட்ஜ் அரங்கத்தைச் சொல்கிறீர்கள். ஆமாம், அதே இடம், அதே கூரை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் கூரையைத் தொடக்கூடாது. சுமார் 20,000 டன் எடையுள்ள அதைத் தற்காலிகத் தூண்களில் தாங்கி நிறுத்திவிட்டு, கீழே இருந்த பழைய அரங்கத்தை எல்லாம் எடுத்து, தரையை இன்னும் ஆழமாகத் தோண்டி, புது அரங்கத்தைக் கூரைக்கு அடியில் கட்டினார்கள். 2021 அக்டோபரில் திறந்தது. செலவு 115 கோடி டாலர் அளவில், தனியார் பணம். இப்போது அங்கே ஐஸ் ஹாக்கி அணியும் ஸ்டார்மும் ஆடுகின்றன.

2006ல் வரிப்பணம் இல்லாமல் முடியவே முடியாது என்று சொன்ன அதே இடத்தில் அது முடிந்திருக்கிறது. பால்மரும் பின்னால் 2014ல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியை வாங்கி, தன் பணத்திலேயே அரங்கம் கட்டி 2024ல் திறந்தார். அதனால் அன்று முடியாது என்று வாக்களித்த மக்களைக் குற்றம் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பணம் போடத் தயாரான உரிமையாளர் அன்று இல்லை, அதுதான் குறை.

நடுவுல வேற டீம் கொண்டுவரப் பார்த்தாங்கல்ல?

பார்த்தார்கள். கிறிஸ் ஹான்சன் என்ற முதலீட்டாளர், பால்மரோடு சேர்ந்து, 2013ல் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியை வாங்கி இங்கே கொண்டுவர முயன்றார். உரிமையாளர்கள் 22க்கு 8 என்று இடமாற்றத்தை மறுத்தார்கள், சாக்ரமென்டோ நகரம் அரங்கத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தது என்பது பெரிய காரணம். நமக்கு நடந்ததை இன்னொரு ஊருக்குச் செய்யப் பார்த்தோம் என்பது இங்குள்ள பல ரசிகர்களுக்கே உறுத்தியது. 2016ல் அவருடைய அரங்கத் திட்டத்துக்காக ஒரு தெருவை விட்டுக்கொடுக்க நகர மன்றம் 5க்கு 4 என்று மறுத்தது. மறுத்த ஐவரும் பெண்கள், அவர்களுக்கு வந்த வசவுகள் அசிங்கமானவை. அணி மேல் உள்ள பாசம் அதற்கெல்லாம் சாக்காகாது.

புது டீம் வந்தா 1979 கோப்பை யாருக்கு? தண்டர் 2025ல் ஜெயிச்சது அவங்களோட ரெண்டாவது கோப்பையா?

இதுதான் குழப்பமான பகுதி. சமரசப்படி பெயரும் நிறமும் சியாட்டிலுக்கு, ஆனால் வரலாறு பொது. தண்டர் அதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், எதிர்காலத்தில் சானிக்ஸ் என்ற பெயரில் வரும் அணியும் வைத்துக்கொள்ளலாம். அதனால் புள்ளிவிவரப் பட்டியல்களில் தண்டர் இரண்டு கோப்பை வென்ற அணியாகத் தெரியும், 1979 ஒன்று, இண்டியானாவை ஏழாவது ஆட்டத்தில் வென்ற 2025 இன்னொன்று.

இங்கே யாரிடம் கேட்டாலும் 1979 கோப்பை சியாட்டிலுடையது என்பார்கள். அந்தக் கோப்பையும் சிறந்த வீரர்களைக் கௌரவிக்க ஓய்வு கொடுத்த சட்டை எண்களின் பதாகைகளும் ஒக்லஹோமாவுக்குப் போகவில்லை, இந்த ஊரின் வரலாற்று அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்கள். லீக் புதிய அணிகளைச் சேர்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் சியாட்டில் பெயர் முதல் வரிசையில் வருகிறது. அப்படி ஒரு அணி வந்தால், குத்தகையில் கடைசித் தேதி என்ன போட்டிருக்கிறது, வாடகையைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று முதல் நாளே படித்துப் பாருங்கள்.